இருபதாவது பிரசவம்

பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அன்புச்செல்விக்கு ஒரு பிரசவம் குறைந்தது.

நர்சிங் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். நாலாம் வருஷம் முடிவதற்குள் ஒவ்வொரு மாணவியும் இருபது சுகப்பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் பக்கம் பக்கமாக எழுதி, லேபர் வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் காட்ட வேண்டும். இருபது இருந்தால்தான் ஹால் டிக்கெட். பத்தொன்பது என்றால் கிடையாது. இந்த விதியைப் போட்ட மகராசர்கள் ஒருநாளாவது லேபர் வார்டு வாசலில் நின்று பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகளில் பாதிப் பேர் ஆபரேஷனுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பாதிக்கு மூன்று நர்சிங் கல்லூரிப் பெண்களும், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் ஒரு படையாக நிற்பார்கள். அவர்களுக்கும் எண்ணிக்கை உண்டு, அவர்களுக்கும் புத்தகம் உண்டு. இதற்கு 'கேஸ் பிடிக்கிறது' என்று பெயர். வலியோடு வருகிற பெண்ணின் இடுப்பை யார் முதலில் தடவிக் கொடுக்கிறாளோ, யாருடைய கையை அந்தப் பெண் விடாமல் பற்றிக்கொள்கிறாளோ, கேஸ் அவளுக்கு. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரிதான். அன்புச்செல்விக்குப் பந்தியிலேயே இடம் பிடிக்க வராது. அவள் பத்தொன்பது வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரும்பாடு.

இருபதாவது போன வாரம் கிடைத்திருக்க வேண்டியது. காலையிலிருந்து ஒரு பெண்ணுக்குக் கூடவே இருந்து, தண்ணீர் கொடுத்து, முதுகு பிடித்துவிட்டு, கையுறையும் மாட்டியாயிற்று. கடைசி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அந்தக் குழந்தை பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில், வராந்தாவில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டே அன்புச்செல்வி அழுதாள். அழுதது எதற்காக என்று தனக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. அப்படியும் அழுகை நிற்கவில்லை.

அந்த மாதம் முழுக்க அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டும். சீப்பில் கொத்தாக முடி வரும். ஒரே பக்கத்தை ஏழு தடவை படிப்பாள், மூடினால் தலைப்புகூட ஞாபகத்தில் நிற்காது. இதே மாதிரி ஒரு கேஸ் குறைந்து ஹால் டிக்கெட் கிடைக்காத சீனியர் ஒருத்தி, ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று கட்டிக் கொடுக்கப்பட்டு, இப்போது இடுப்பில் பிள்ளையோடு இருக்கிறாள். படிப்பு அந்தரத்தில் நிற்கிறது. அன்புச்செல்வியின் அம்மா இருதயமேரி அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிப் பிழைக்கிறவள். அந்த வம்சத்திலேயே காலேஜ் படியேறிய முதல் ஆள் அன்புச்செல்விதான். ஊரில் இப்போதே அவளை 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வராத பட்டத்துக்கு வந்த மரியாதை.

"அழுதா நம்பர் கூடாது, அன்புச்செல்வி" என்றார் வகுப்பு ஆசிரியை பிரபாவதி மேடம். "அடுத்த வியாழக்கெழமை புக்கு என் டேபிள்ல இருக்கணும். சும்மா எழுதிக்கினு வரலாம்னு நெனைக்காத. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரோட ஒவ்வொண்ணா ஒத்துப் பார்ப்பேன்."

அன்றைக்குத்தான் அவளுக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது.

அண்ணன் சகாயராஜின் மனைவி ரோஜா நிறைமாசம். இன்றோ நாளையோ என்றிருந்தாள். தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான் பார்ப்பார்கள். ரோஜாவுக்குத் தாய் இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு செஞ்சிப் பக்கம் போனவர் போனவர்தான், மகளின் வளைகாப்புக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அழைத்துப் போக ஆள் இல்லாமல் வளையலும் கையுமாக ரோஜா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, அன்புச்செல்விதான் அவள் தோளை இடித்து, "இன்னா அண்ணி மூஞ்சிய தூக்கிக்கினு? நான்தான் உன் அம்மா வூடு. புள்ளையப் பெத்துக் கைல குடுக்கிற வரைக்கும் என் பொறுப்பு" என்று சிரிக்க வைத்தாள். மனசார எத்தனை ஆசையோடு அதைச் சொன்னாளோ, அத்தனை ஆசையோடுதான் இப்போதும் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. அண்ணிக்குத் தன் கையால் பிரசவம் பார்த்தால் அண்ணிக்கும் தைரியம், தனக்கும் இருபது. இதில் தப்பு என்ன இருக்கிறது? சத்தியமாக ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு வரைக்கும் இல்லை.

லேபர் வார்டு கெங்கம்மாள் சிஸ்டரிடம் போய்க் கேட்டாள். கெங்கம்மாள் இருபது வருஷ சர்வீஸ், வாய் நீளம், மனசு வெல்லம்.

"உங்க அண்ணிதானே? தாராளமா கூட்டிக்கினு வா. இந்த வாரம் பூரா எனக்கு மத்தியானம் ரெண்டு மணி டூட்டி. நான் இருக்கச்சொல்ல வந்தா உன்னையே பார்க்க வைக்கிறேன். காலைல வந்தீன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. டாக்டர் புள்ளைங்க தூக்கிக்கினு போயிடுங்க."

ரெண்டு மணி. அந்த ரெண்டு மணி அன்புச்செல்வியின் மண்டையில் ஆணியாக இறங்கியது.

சனிக்கிழமை புத்தக மூட்டையோடு ஓமந்தூர்ப் பக்கம் இருந்த தன் ஊருக்கு வந்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரோஜாவுக்கு வலி எடுத்தது. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் வந்துபோகிற சின்ன வலி. அன்புச்செல்வி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், படித்ததை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தலைப்பிரசவம், பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். மத்தியானம் கிளம்பினால் சரியாக இருக்கும். கர்த்தரே பார்த்து ஞாயிற்றுக்கிழமையாகக் கொடுத்திருக்கிறார் என்றுகூட நினைத்தாள். பாடப்புத்தகப்படி அதுவரைக்கும் அவள் சொன்னது சரிதான்.

ஒன்பதரை மணிக்கு ரோஜா அவளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அன்பு, காத்தாலருந்து புள்ள அசையவே இல்லியே. தெனமும் இந்நேரத்துக்கு ஒதைச்சிக்கினு இருக்குமே."

இந்த ஒரு வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அன்புச்செல்வி தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். வருஷா வருஷம் பரீட்சையில் வருகிற கேள்வி அது. தாயை இடது பக்கமாகப் படுக்க வை. இனிப்பாக ஏதாவது கொடு. ஒரு மணி நேரம் அசைவை எண்ணு. மூன்றுக்குக் குறைந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

சர்க்கரை தூக்கலாகப் போட்ட பாலைக் கொடுத்தாள். இடது பக்கமாகப் படுக்க வைத்தாள். வயிற்றின் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, எதிரே கைபேசியை வைத்து நேரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் ஒரு அசைவு. ரொம்ப மெல்லியதுதான், ஆனால் அசைவு. அதன்பிறகு அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

"இப்போ தெரிஞ்சுதா அண்ணி?"

"தெரியல. வலியாட்டம் இருந்துச்சு."

அன்புச்செல்வி அதை ரெண்டு என்று வைத்துக்கொண்டாள். மணி பத்தே முக்கால் ஆயிற்று. அப்போதே கிளம்பினால் விழுப்புரத்துக்குப் பன்னிரண்டரைக்குப் போய்விடலாம். காலை டூட்டி சிஸ்டர் இருப்பார், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், கேஸ் கை மாறிவிடும். திண்டிவனத்துக்கு அரை மணியில் போகலாம், அங்கே அவளுக்குக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. இதை எல்லாம் அவள் இவ்வளவு தெளிவாக யோசித்தாளா என்றால், இல்லை. ஆனால் கெட்ட எண்ணம் எப்போது வாசல் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது?

"மூணு ஆயிடுச்சி அண்ணி. வலி வர்ற நேரத்துல கொழந்த கொஞ்சம் அமைதியாத்தான் இருக்கும். பயப்படாத" என்றாள்.

முதலாவது நிஜம். ரெண்டாவது சந்தேகம். மூன்றாவது கேஸ் புக்குக்காக அவளே சேர்த்தது.

ரோஜா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வலி நெருங்கி வந்தது. இருதயமேரி பரபரத்தாள். "சகாயம், 108க்குப் போன் போடுறா, ஜல்தி!"

"108 வேணாம்மா" என்றாள் அன்புச்செல்வி. "அவங்க பக்கத்துல திண்டிவனத்துல எறக்கிவுட்டுட்டுப் போயிடுவாங்க. விழுப்புரத்துல எனக்கு எல்லாரையும் தெரியும். நானே கூட இருந்து பார்த்துக்கிறேன். அண்ணா, பூவரசன் வூட்டு ஆம்னி வேன வாங்கிக்கினு வா."

"படிச்ச புள்ள சொல்லுதில்ல, போடா" என்றாள் இருதயமேரி. அந்த வீட்டில் அன்புச்செல்வி சொன்னால் அது வேதவாக்கு. அவளைப் படிக்க வைத்ததே அதற்குத்தானே.

சகாயராஜ் வண்டியை வாங்கி வந்து தானே ஓட்டினான். பின்சீட்டில் ரோஜா ஒரு பக்கம் மாமியார் மேலும், ஒரு பக்கம் நாத்தனார் மேலும் சாய்ந்து வந்தாள். திண்டிவனம் ஊருக்குள் நுழைந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிற இடத்தில் நெரிசல். சகாயராஜ் வண்டியை மெதுவாக்கினான்.

"இங்கியே போயிடலாமே அன்பு" என்றாள் ரோஜா. கெஞ்சலாகக்கூட இல்லை, சும்மா கேட்கிற மாதிரி.

சகாயராஜ் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தான். அவள் எங்கே கை காட்டுகிறாளோ அங்கே திருப்ப அவன் தயாராக இருந்தான்.

"இங்கப் போயிட்டு, அவங்க முடியாதுன்னு அங்க அனுப்புனா இன்னும் லேட்டாகும் அண்ணி. நேரா போ அண்ணா."

வண்டி நேராகப் போனது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சொல்வார்கள். முழு வைத்தியமும் தெரிந்திருந்தது அன்புச்செல்விக்கு. தெரியாமல் செய்திருந்தால் பின்னால் அவளால் தூங்கவாவது முடிந்திருக்கும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நின்றது. வழியெல்லாம் அவள் அண்ணியின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே வயிறு இறுகியது, தளர்ந்தது, இறுகியது. வேறொன்றும் இல்லை.

ரெண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சகாயராஜ் வெளியே நின்றுகொண்டான். கெங்கம்மாள் சிஸ்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "வா வா! சொன்ன மாதிரியே கரெக்டா வந்துட்டியே! வா தாயி, வந்து படு."

துடிப்பு கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தார். இரைச்சல்தான் வந்தது. கொஞ்சம் கீழே நகர்த்தினார். வலது பக்கம். மறுபடியும் இடது பக்கம். சிரிப்பு அவர் முகத்தை விட்டு மெல்ல இறங்குவதை அன்புச்செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். ஓரிடத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டபோது இருதயமேரி "சேசுவே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கெங்கம்மாள் ரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது ரோஜாவுடைய துடிப்பு.

டூட்டி டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரோஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபோதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மெதுவாக, நல்ல விதமாகத்தான் சொன்னார். இருதயமேரி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"கொழந்த கடைசியா எப்பம்மா அசைஞ்சுது?" என்று கேட்டார் டாக்டர், கேஸ் ஷீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு.

அன்புச்செல்வி அண்ணியின் வாயையே பார்த்தாள். இதோ சொல்லப் போகிறாள். காலையிலேயே சொன்னேன் என்று சொல்லப் போகிறாள். சொல்லட்டும் என்று அவளுக்கு இருந்தது. சொல்லிவிட்டால் ஓவென்று அழுது அண்ணியின் காலில் விழுந்துவிடலாம்.

ரோஜா தலையைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"வண்டியில வரும்போதுகூட அசைஞ்சுதுங்க. டோல்கேட்டாண்ட" என்றாள்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

பிள்ளை போய்விட்டாலும் பிரசவம் நிற்காது. வலி தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கெங்கம்மாள் அன்புச்செல்வியை ஓரமாக இழுத்து, "நீ வெளிய போய் உக்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். ரோஜா அவள் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"நீயே எடு" என்றாள்.

ஆதரவுக்குக் கேட்டாளா, தண்டனையாகக் கொடுத்தாளா என்று அன்புச்செல்விக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. கையுறையை மாட்டினாள். பார்த்த பத்தொன்பதிலும் ஏதாவதொன்றை மறந்து சிஸ்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் மறக்கவில்லை. தலை வரும்போது தாங்கிக்கொண்டாள், கழுத்தில் ரெண்டு சுற்றாக இருந்த தொப்புள் கொடியை விலக்கினாள், ஒரு கிழிசல்கூட இல்லாமல் வெளியே எடுத்தாள். மணி ஐந்து இருபது. ஆண் பிள்ளை. அண்ணனுடைய அகன்ற நெற்றி. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. இவள் கையில் இருந்த பிள்ளைக்கு உடம்பில் சூடு இருந்தது. அது அவன் அம்மாவின் சூடு.

"கொடி சுத்தியிருக்கு. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று டாக்டர் குடும்பத்தாரிடம் சொன்னார். காலையிலேயே வந்திருந்தால் என்று அன்புச்செல்வி அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரியும். போன வாரம் ஒரு குழந்தையின் துடிப்பு இறங்கியபோது என்ன செய்தார்கள் என்பதை வராந்தாவில் நின்று பார்த்தவள்தானே அவள்.

ரிஜிஸ்டரில் பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, கெங்கம்மாள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "உன் பேரு போட்டுட்டேம்மா, இதுவும் கணக்குல வரும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு அதைவிட ஆறுதலாக வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சகாயராஜ் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய்க் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரமாகப் புதைத்தான். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, பெயரும் இல்லை. திரும்பி வந்து, கையில் மண்ணோடு தங்கையின் தலையைத் தொட்டான்.

"நீ கூட இருந்ததாலதான் அன்பு, அவளாவது எனக்குத் தங்குனா. நீ இல்லன்னா ரெண்டு பேரையும் வாரிக் குடுத்திருப்பேன்."

ஊரும் அதையேதான் சொன்னது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "நர்ஸம்மா கூடவே இருந்துச்சு, இருந்தும் விதி வுடல பாரு" என்று அவளைத் தேற்றிவிட்டுப் போனார்கள். திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் தோட்டத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

புதன்கிழமை காலையில் ரோஜாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்து சேருவதற்குள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார் ரெண்டும் கல்லாகி, ரவிக்கை நனைந்து, குளிர் காய்ச்சல் வேறு. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை, அது தன் வேலையைச் செய்துவிட்டது. பால் வற்ற மல்லிப்பூ வைத்துக் கட்ட வேண்டும் என்று இருதயமேரி சொல்ல, சகாயராஜ் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு ஓடி நாலு முழம் வாங்கி வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவனால் உள்ளே வர முடியவில்லை.

கட்டிவிட அன்புச்செல்விதான் போனாள். கதவைச் சாத்தினாள். ரோஜா ரவிக்கையைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூச்சரத்தை மாரின் மேல் சுற்றிப் பரப்பி, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அதன்மேல் வரிந்து கட்டத் தொடங்கினாள் அன்புச்செல்வி. அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

"அண்ணி, நான் அண்ணங்கிட்ட சொல்லிடப் போறேன்."

"இன்னான்னு?"

"நீ காத்தாலயே சொன்னத. நான் மூணுன்னு பொய் சொன்னத. ரெண்டு மணி ஆகட்டும்னு உன்ன வச்சிக்கினு இருந்தத. எல்லாத்தையும்."

ரோஜா கைகளைத் தூக்கிக் கட்டுக்கு இடம் கொடுத்தாள்.

"ஒண்ணுதான் அசைஞ்சுது" என்றாள் பிறகு. "நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன் அன்பு. நீ மூணுன்ன. படிச்சவ சொல்றா, நமக்கு இன்னா தெரியும்னு வாய மூடிக்கினேன். எம்புள்ளைக்கு நானும்தான் வாய தொறக்கல."

அன்புச்செல்வியின் கை நின்றுவிட்டது. "அப்பறம் ஏன் டாக்டராண்ட அப்படிச் சொன்ன?"

"சொல்லியிருந்தா? உங்கண்ணன் உன்ன வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. அத்த தூக்குல தொங்கியிருக்கும். நான் எங்க போறது? எங்கப்பன் வூட்டுக்கா?" ரோஜா மூச்சை இழுத்துவிட்டாள். "எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வூடுதான். புள்ளையும் போயி வூடும் போவணுமா?"

"அண்ணி, என்ன மன்னிச்…"

"அத மட்டும் கேக்காத." குரல் உயரவில்லை. "அத நான் குடுக்க மாட்டேன். இப்பவும் மாட்டேன், எப்பவும் மாட்டேன். இறுக்கிக் கட்டு, ஒழுவுது."

அன்புச்செல்வி இறுக்கிக் கட்டினாள். கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றதைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புக்கு எழுதிட்டியா?" என்று கேட்டாள் ரோஜா.

"இல்ல. எழுத மாட்டேன். இந்த வருஷம் பரிட்ச எழுதல நான்."

ரோஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரசவத்தின்போது பிடித்த அதே இடத்தில் நகக்கீறல் இன்னும் ஆறவில்லை.

"எடுத்துக்கினு வா."

"அண்ணி…"

"எடுத்துக்கினு வான்னு சொல்றேன் இல்ல."

கேஸ் புக்கைக் கொண்டு வந்து தரையில் வைத்து, இருபதாவது பக்கத்தைத் திறந்தாள். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள் ரோஜா. தாயின் பெயர். வயது. எத்தனையாவது பிரசவம். பிறந்த நேரம். குழந்தை ஆணா, பெண்ணா. அன்புச்செல்வி சொல்லிச் சொல்லி எழுதினாள்.

"எடை" என்றாள்.

"எவ்ளோ இருந்தான்?"

அதுவரைக்கும் யாரும் ரோஜாவிடம் அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அன்புச்செல்விக்கு உறைத்தது. "ரெண்டு கிலோ தொள்ளாயிரம் அண்ணி."

"தொள்ளாயிரமா?" ரோஜாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "நல்ல எடைதான் இல்ல? மாத்திரையெல்லாம் வுடாம போட்டேன்." சொல்லிவிட்டுக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "எழுது, எழுது. அடுத்து இன்னா?"

அடுத்த கட்டத்தில், தாய் கடைசியாக அசைவை உணர்ந்த நேரம் என்றிருந்தது. அன்புச்செல்வி படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"ரெண்டு மணி, டோல்கேட்டாண்டன்னு எழுது."

"அது பொய் அண்ணி. எங்கையால எப்படி எழுதுவேன்?"

"மூணுன்னு உன் வாயாலதானே சொன்ன. இத கையால எழுது." ரோஜாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்து ஹால் டிக்கெட் வாங்கு. திங்கக்கெழம போய் எழுது. எழுதிப் பாஸ் பண்ணு. நீ பெயிலாயிட்டீன்னா எம்புள்ள எதுக்குப் போச்சு? சொல்லுடி, எதுக்குப் போச்சு?"

அன்புச்செல்வி பேனாவைத் திறந்து, ரெண்டு மணி என்று எழுதினாள். நாலு வருஷம் எழுதிப் பழகிய கை, எழுத்து கோணவில்லை. ரோஜா அது காய்கிற வரைக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து படி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.